கணினியில் சுதேசியம்

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ஆம் தேதியன்று அமெரிக்காவிலுள்ள மைக்ரோசாஃப்ட் கம்பெனியார், தாங்கள் 2015-இல் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டனர். வேண்டுவோர் சில நிபந்தனைகளின்பேரில் மேலும் ஓராண்டுக் காலம் தவணை பெறலாம் என்றனர். தவணை தவணையே அன்றி விடுதலையாகாது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்வோமெனில், அதற்கு டிபிஎம் 2.0 என்ற காப்புச் சில்லும், குறித்த காலத்துக்குப் பிற்பட்ட செயலியும் வேண்டுமாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கணக்கெழுதுவோர் மேஜையிலும், அச்சுக்கூடங்களிலும், பள்ளிக்கூடங்களிலும் உள்ள பழைய கணினிகள் பல இச்சோதனையில் தேறமாட்டா. யந்திரம் பழுதாகவில்லை, திரை மங்கவில்லை, விசைகள் தேயவில்லை. ஆயினும் கடலுக்கு அப்பால் ஒரு காரியாலயத்தில் பிறந்த உத்தரவினால் அது ஒரே நாளில் கிழடாகிவிட்டது.

இதனை வெறும் பணச் செலவு பற்றிய விஷயமாக மட்டும் கருதுவோர் விஷயத்தின் ஆழத்தை அறியாதவர்களே. இயங்குதளம் என்பது கணினியின் கணக்குப்பிள்ளை. விசையைத் தட்டினால் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவதும், கோப்பை வட்டில் பத்திரப்படுத்துவதும், அச்சு யந்திரத்துக்கு ஆணை அனுப்புவதும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் என்று பங்கிட்டுக் கொடுப்பதும் அதுவே. அந்தக் கணக்குப்பிள்ளை யாருடைய ஆள் என்பதே கேள்வி.

விடை வேண்டுவோர் 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் குஜராத்தில் நடந்ததை நோக்குக. வாடினாரில் பெரியதோர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திவரும் நயாரா எனர்ஜி கம்பெனியில் ருஷ்யர்களுக்குப் பங்குண்டு என்பதனால் ஐரோப்பிய யூனியனார் அதன்மீது தடை விதித்தனர். தடை ஐரோப்பாவினுடையது, ஆலை இந்தியாவினுடையது. எனினும் சில தினங்களுக்குள் அக்கம்பெனியின் சிப்பந்திகளுக்கு மைக்ரோசாஃப்ட் தபாலும் பிற சேவைகளும் நின்றுபோயின. பணம் கட்டிப் பெற்ற உரிமம் கையில் இருந்தும் பயனில்லை. நயாரா டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்த பின்னரே சேவைகள் திரும்பக் கிடைத்தன. பெரிய கம்பெனிக்கு வக்கீலும் கோர்ட்டும் உண்டு. கல்லுக்கட்டியில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால் அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

பிறர் சட்டத்தின் நிழலில் சொத்து வைத்திருப்பது எத்தகையது என்பதைச் செட்டிநாட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில் இருந்தது. (அந்நிலம் கடனுக்கு ஈடாகப் பர்மியக் குடியானவனிடமிருந்து வந்தது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.) 1942-இல் யுத்தமும், 1948-க்குப் பின் பர்மியச் சட்டமும் அதனைக் கொண்டுபோயின. பத்திரங்கள் மட்டும் இரும்புப் பெட்டிகளில் மிஞ்சின.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஏஜெண்டுகளை அனுப்பிய முதலாளிகள் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து அடுத்த ஏஜெண்டு கொண்டுவிற்கப் போகும்போது பேரேடும் குறிப்பும் ஐந்தொகையும் திறந்து வைக்கப்படும். வரி வரியாகச் சரிபார்த்த பிறகே பெட்டிச் சாவி கைமாறும். “பேரேட்டைக் காட்டமாட்டேன், என்னை நம்பும்” என்ற ஏஜெண்டை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? விலைக்கு வரும் இயங்குதளமோ அத்தகைய ஏஜெண்டுதான். அதன் மூல நிரல், அதாவது மனிதர் எழுதிய ஆதிக் கட்டளைகள், வாங்குபவருக்குக் காட்டப்படுவதில்லை. அதைத் திருத்தவும் உரிமையில்லை. பிறருக்குப் படியெடுத்துக் கொடுப்பதோ குற்றம்.

நிற்க. இதற்கு மாற்று உண்டா? உண்டு. அது எந்தச் சர்க்காரும் போட்ட திட்டத்தில் பிறந்ததன்று. ஊதியம் எதிர்பாராமல் ஓய்வு நேரத்தில் உழைத்தவர்களுடைய சிருஷ்டி என்பதே வியப்பு. 1983-இல் அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள குனு என்னும் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். பல பாகங்கள் அமைந்தன. கருவாகிய பாகம் மட்டும் முற்றுப் பெறவில்லை. 1991-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், இது தமது வினோதத்துக்கானதே அன்றிப் பெரிதாக வளரக்கூடியதன்று என்றும் நண்பர்களுக்கு எழுதினார். அவர் கணிப்பு பொய்த்தது. 1992-இல் அவர் அதனைக் குனுவின் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். 2017-ஆம் வருஷம் நவம்பர் மாதப் பட்டியல் தொட்டு உலகின் முதல் 500 பெருங்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. நம்மவர் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் கருவும் அதுவே. லினக்ஸைத் தொடமாட்டேன் என்பவரும் நாள் முழுதும் அதையே தொட்டுக்கொண்டிருக்கிறார்!

லினக்ஸுக்கு இப்பொழுது பெரிய கம்பெனிகளின் பணமும் ஆட்களும் துணையுண்டு. ஆகையால் அதனை வினோத வேலை என்பது முழுதும் பொருந்தாது எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமே. அவர்கள் ஹைக்கூவைப் பார்க்கட்டும். பி என்னும் சிறு கம்பெனியார் பிஓஎஸ் என்ற அழகியதொரு மேஜைக் கணினி இயங்குதளத்தை வெளியிட்டிருந்தனர். வியாபாரம் நிற்கவில்லை, 2001-இல் பாம் கம்பெனியார் அதனை வாங்கிக்கொண்டனர். இயங்குதளம் அத்துடன் மாண்டிருக்க வேண்டும். மூல நிரலோ பூட்டிக் கிடந்தது. ஆயினும் அதனை விரும்பிய அன்பர்கள் அவ்வாண்டே கூடி, அதே போன்றதொன்றை முதல் வரியிலிருந்து தாமே எழுதத் துணிந்தனர். 2004-இல் அதற்கு ஹைக்கூ என்று பெயரிட்டனர். 2009-இல் முதற் சோதனைப் பதிப்பும், 2018-இல் முதல் பீட்டாவும், 2024-இல் ஐந்தாம் பீட்டாவும் வெளிவந்தன. முதல் பீட்டாவுக்கே 17 வருஷம்! பகலில் வேறு தொழில், இரவில் இந்த வேலை என்று உழைத்தவர்கள் அநேகர். ஸ்வீடனில் ஆண்ட்ரியாஸ் கிளிங் என்பவர் 2018-இல் தனி மனிதராகத் தொடங்கிய செரினிட்டி என்னும் இயங்குதளமும் நூற்றுக்கணக்கானோரின் கைபட்டு வளர்ந்தது. இவை நாளைக்கே நம் கடைகளில் வந்து அமரும் என நாம் கூறவில்லை. பூட்டிய கதவுக்கு முன் அழுதுகொண்டு நில்லாமல் புதிய வீட்டையே கட்டத் துணியும் மனிதர் உலகில் உண்டு என்பதற்காகவே கூறினோம்.

தமிழர் இதிலிருந்து பெற்ற லாபத்தைச் சிறிது கவனிப்போம். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி தன் நினைவில் ககரம், அதன்பின் ஒகரக் குறி என்றே வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போதோ அக்குறியை இரண்டாகப் பிளந்து ஒற்றைக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட வேண்டும். லத்தீன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த யந்திரத்துக்கு இது தெரியாது. கொம்பும் காலும் தாறுமாறாகச் சிதறும். இந்த வேலையைச் செவ்வனே செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நிரற்றொகுதி கட்டற்ற மென்பொருளே. ஆண்ட்ராய்டிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும், லிப்ரேஆஃபீஸிலும் தமிழ் எழுத்துக்களை ஒழுங்காக அமர்த்துவது அதுதான். தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள் பிழைகளைக் கண்டு எழுதியதனாலும், மெனுக்களையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்த்துக் கொடுத்ததனாலுமே கட்டற்ற மேஜைத்தளங்களில் தமிழ் நிலைபெற்றது. தமிழில் எவ்வளவு பேர் வாங்குவர் என்று கணக்கிட்டுப் பார்க்கும் கம்பெனியிடம் நாம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கோ திறமையுள்ளவன் தானே திருத்திக்கொள்ளலாம்.

நமது சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் இந்திய பாஷைகளுக்கென ஆக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் ஏற்றித் தரப்பட்டது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகத்தார் விண்டோஸை விலக்கி மாயா என்னும் தளத்தை ஏற்கப் போவதாகச் செய்தி வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியவில்லை. பாஸுக்கு அடிப்படை டெபியன். அது 1993-இல் இயான் மர்டாக் என்ற மாணவர் துவக்கி, உலகெங்குமுள்ள தொண்டர்கள் இன்றளவும் நடத்திவருவது. மாயாவுக்கு அடிப்படை உபுண்டு. அதற்கும் அடிப்படை டெபியனே. பிறர் நூற்ற நூலை வாங்கி நம் முத்திரையைக் குத்திவிட்டுக் கதர் என்று கூவுதல் சுதேசியமாகாது. பிறர் ஆக்கியதை எடுத்தாள்வதில் இழுக்கில்லை. எடுத்தாள்வதற்கே அவர்கள் கொடுத்தார்கள். எடுத்ததற்கு ஈடாக நாம் என்ன கொடுத்தோம் என்பதே கேள்வி. மடிக்கணினி பெற்ற மாணவனிடம் பாஸை எவ்வாறு உபயோகிப்பது என்று சொல்லிக்கொடுக்கப் போதிய ஆசிரியர்களைத் தயாரிக்காமல் பெட்டியை மட்டும் கொடுத்தால், அவன் முதல் வேலையாக அதை அழித்துவிடுவதில் ஆச்சரியம் என்ன? அண்டையிலுள்ள கேரளத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிப் பல ஆண்டுகளாகச் சர்க்கார் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகிறார்கள். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

இடையூறுகளையும் கூறிவிடுகிறோம். வியாபாரிகள் பெரிதும் நம்பியிருக்கும் டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. அச்சுக்கூடத்தாரிடம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கோத்த பக்கங்கள் ஏராளம். அவற்றை மாற்றுவது எளிதன்று. சில அச்சு யந்திரங்கள் முரண்டு பிடிக்கும். ஆகையால் எல்லாக் கணினியையும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்று உபதேசிப்பது அறியாமை. கடிதம் எழுதவும், பத்திரிகை படிக்கவும், பாடம் கற்கவும், சிறு கணக்குப் போடவும் உதவும் யந்திரங்களிலிருந்து துவக்கலாம். மற்றவை பிறகு.

செட்டிநாட்டாருக்கு விசேஷமாக ஒரு வார்த்தை. நகரத்தாருக்குள் விவாகமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் தம் கோயிலுக்குரிய புள்ளி வரியைச் செலுத்துவதில் கோடீசுவரன், கூலிக்காரன் என்ற பேதமில்லை. அனைவரும் சமமாகக் கொடுத்தனர். ஆகையால் அனைவருக்கும் சமமான உரிமை. கட்டற்ற மென்பொருள் உலகம் நிற்பதும் ஏறக்குறைய இம்முறையிலேதான். அங்கே புள்ளி வரி பணமாக மட்டும் கேட்கப்படுவதில்லை. ஒரு பிழையைக் கண்டு விவரமாக எழுதியனுப்புவது வரி. பத்து வாக்கியங்களைத் தமிழாக்குவது வரி. அடுத்த வீட்டுப் பையனுக்கு ஏற்றிக் கொடுப்பதும் வரி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை எந்தச் சர்க்காரும் நூல் சேகரிக்கும்படி ஏவவில்லை. தம் சொந்த அபிமானத்தினால் அவர் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான நூல்களும் பத்திரிகைகளுமே அவர் காலமான பின்பு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. தனி மனிதனது வினோதம் நாட்டின் சொத்தாவது இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று.

விழுப்புரத்தில் லினக்ஸ் அன்பர்கள் ஒரு குழுவாகக் கூடிக் கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பித்து வருகின்றனர். சென்னையிலும் அத்தகைய குழு நெடுநாளாக இயங்குகிறது. கணியம் அறக்கட்டளையார் இவ்விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வெளியிடுகின்றனர். காரைக்குடிக்கோ இவற்றினும் அதிக வசதி. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் அளித்து வித்திட்டதனால் மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் இங்கே திறக்கப்பட்டது. அவர் பெயர் தாங்கிய சர்வகலாசாலையும் பொறியியற் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் ஊரிலேயே இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு செய்முறை வேலை செய்து காட்ட வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பெற்றதும் அலமாரியில் தூங்கப்போகும் வேலையை ஏன் செய்ய வேண்டும்? தமிழ் விசைப்பலகையிலோ, சொற்பிழை திருத்தியிலோ, மொழிபெயர்ப்பிலோ உள்ள ஒரு மெய்யான குறையைத் தீர்த்து, அத்திருத்தம் டெபியனிலோ லிப்ரேஆஃபீஸிலோ ஏற்றுக்கொள்ளப்பட்டால் அதற்கே மதிப்பெண் என்று ஆசிரியர்கள் விதிக்கட்டும். ஏற்பவர் அயல்நாட்டில் இருப்பவராகையால் சிபாரிசுக்கும் இடமில்லை.

கல்லூரித் தலைவர்களை நாம் கேட்பது அதிகமன்று. வரும் கோடை விடுமுறையில் ஒரு கூடத்தையும், மின்சாரத்தையும், இணையத்தையும், விஷயம் தெரிந்த நாலு மாணவர்களையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தால் போதும். ஊரார் தத்தம் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வரட்டும். வருபவர்கள் தம் கோப்புகளை முன்னதாகவே வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டு வர வேண்டும். புதிய தளத்தை ஏற்றும்போது பழைய வட்டு துடைக்கப்பட்டுவிடும்.