மிதித்தாலும் பேசாத 'பெடல்'! குற்றவாளி யார்?

வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள். எறியும் முன் நோட்பேடைத் திறங்கள்

சென்னையில் ராத்திரி கண் விழித்து வேலை பார்ப்பவர் யார் யார்? போலீஸ்காரர், நர்ஸ், வாட்ச்மேன் என்று அடுக்குவோம். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. காதில் ஹெட்போன். கை கீ-போர்டில். கால்?

அதுதான் சங்கதி! மேஜைக்கு அடியில் கால் ஒரு பெடலை மிதித்துக் கொண்டே இருக்கும்.

தையல் மிஷினா? இல்லை. டாக்டர் பேசியதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' என்று பெயர். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். இங்கே அதைக் கேட்டு டைப் அடித்து அனுப்புகிறார்கள். 1990-களின் கடைசியில் சென்னையில் இந்தத் தொழில் சூடு பிடித்தது.

இப்போது கம்ப்யூட்டரே பேச்சைக் கேட்டு டைப் அடித்து விடுகிறதே என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அது அடித்தது சரிதானா என்று ஒரு ஆள் காதால் கேட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கும் கால் பெடல் வேண்டும்!

கையிருக்கக் கால் எதற்கு?

பெடலில் பெரும்பாலும் 3 மிதி இருக்கும். நடுவில் உள்ளதை மிதித்தால் பேச்சு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். இடது ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும். வலது ஓரம் முன்னால் தள்ளும்.

நிறுத்தி மறுபடி மிதித்தால், விட்ட இடத்துக்கு ஒன்றிரண்டு வினாடி முன்னாலிருந்து ஆரம்பிக்கும்படியும் வைத்துக் கொள்ளலாம். ஒரு சொல்கூடத் தவறாது.

பெடல் இல்லாவிட்டால்? ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து மவுஸைப் பிடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் பலருக்குக் கூலி வரிக் கணக்கு. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. கை மவுஸுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் காசு போகிறது!

காசு மட்டுமா? 'பிப்டீன்' என்றாரா, 'பிப்டி' என்றாரா? 15 மில்லிகிராமா, 50 மில்லிகிராமா? சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்டே ஆக வேண்டும். திரும்பக் கேட்பது தொல்லையாக இருந்தால், 'இதுதான் இருக்கும்' என்று கை அடித்துவிட்டுப் போய்விடும். மருந்தைச் சாப்பிடுகிறவர் கதி என்ன?

ஆக, இந்தப் பெடல் ஓடியே ஆக வேண்டும். ஆனால் ஆசையாக வாங்கி வந்து மாட்டினால், பல பேருக்கு அது அசைவதே இல்லை. துப்புத் துலக்குவோம், வாருங்கள்.

முதல் சந்தேக ஆசாமி: பிளக்

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் காசெட்டைக் கொண்டு வந்தது. அப்புறம் டாக்டர், வக்கீல் ஆபீசுகளில் காசெட் போட்டுக் கேட்கிற மிஷின் வந்தது. அதற்கும் கால் பெடல் உண்டு. ஆனால் அந்தப் பெடலின் பிளக் அந்த மிஷினுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டரில் நுழையாது.

அடுத்து வந்தவை 15 பின் 'கேம் போர்ட்' பெடலும், 9 பின் 'சீரியல்' பெடலும். 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே கேம் போர்ட்டைக் கைகழுவி விட்டார்கள். 9 பின் பிளக்கை யூ.எஸ்.பி. ஆக்கும் வயர் கிடைக்கிறது. மாட்டலாம். ஆனால் ஸாப்ட்வேர் அந்தப் பெடலை ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய பெடல் மலிவாகக் கிடைத்தால் உஷார்! 'மாட்டினா ஓடும் சார், எடுத்துட்டுப் போங்க' என்றால் மயங்காதீர்கள். பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். யூ.எஸ்.பி.யா? பிறகு விலை பேசுங்கள்.

இரண்டாவது ஆசாமி: ஊமை பெடல்

யூ.எஸ்.பி. பெடலிலும் 2 ஜாதி உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். நோட்பேடைத் திறந்து வைத்துக் கொண்டு பெடலை மிதியுங்கள். ஏதாவது எழுத்து விழுகிறதா? அது கீ-போர்டு வேஷம் போடுகிற பெடல். ஒன்றும் விழவில்லையா? அது பெரும்பாலும் டைப்பிஸ்டுகளுக்கென்றே செய்த அசல் பெடல். பலர் ஏமாறுவது இங்கேதான். எழுத்து விழாததால் 'பெடல் செத்துப் போச்சு' என்று தூக்கிப் போட்டு விடுகிறார்கள்!

சாகவில்லை. விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியலைத் திறந்து வைத்து, பெடலைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். பட்டியல் ஒரு தடவை குதித்தால் பெடலுக்கு உயிர் இருக்கிறது. ஸாப்ட்வேரிடம் அதை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான்!

'எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைப்' என்ற ஸாப்ட்வேரை எடுத்துக் கொள்வோம். அதில் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'கண்ட்ரோலர்' என்று ஒரு பகுதி. அங்கே பெடலை அனுமதிக்க ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடிக்க வேண்டும். பெடல் என்ன வகை என்று சொல்லி, மிதித்துப் பார்த்து, எந்த மிதிக்கு என்ன வேலை என்று வைக்க வேண்டும். பிறகு நிமிஷத்தில் பேசும்!

பிரவுசருக்குள்ளேயே டைப் அடிப்பவர்களுக்கும் வழி உண்டு. 2021-ல் வந்த க்ரோம் 89 முதல், இணையப் பக்கமே பெடலோடு பேச முடியும். அதற்கு அந்தப் பக்கம் அப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்களும் அனுமதி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆசாமி: வேஷதாரி

கீ-போர்டு வேஷம் போடுகிற பெடல் விலை மலிவு. ஆனால் குறும்புக்காரன். மிதித்தால் நோயாளியின் ரிப்போர்ட்டு நடுவே எழுத்து விழும். மிதித்தபடியே இருந்தால் அதே எழுத்து வரிசையாகக் கொட்டும்!

இதற்கும் மருந்து இருக்கிறது. பல பெடல்களில் எந்தக் கீ விழ வேண்டும் என்பதை மாற்றிக் கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைப்பில் எப்-9 ஓட வைக்கும், எப்-4 நிறுத்தும், எப்-7 பின்னால் கொண்டு போகும். ஒரு மிதிக்கு எப்-9, இன்னொன்றுக்கு எப்-4 என்று வையுங்கள். ஓட்டவும் நிறுத்தவும் ஒரே கீயை வைத்தால், அழுத்திப் பிடிக்கும்போது ஓடி நின்று, ஓடி நின்று பைத்தியம் பிடிக்க வைக்கும்.

வேறு திரையில் டைப் அடிக்கும்போதும் கீ வேலை செய்ய 'ஸிஸ்டம்-வைட் ஹாட்-கீ' என்பதைப் போட்டு வைக்க வேண்டும். இதை மறந்தால் பெடல் மறுபடி ஊமை!

கூட்டாளிகள் 3 பேர்

இன்னும் பேசவில்லையா? இந்த 3 பேரையும் விசாரியுங்கள்.

* ஒரு யூ.எஸ்.பி. துளையை நாலாக்கும் 'ஹப்'. அதைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரிலேயே நேராகச் சொருகுங்கள்.

* பெடலைப் பிடித்து வைத்துக் கொண்ட வேறு ஸாப்ட்வேர். அதை மூடுங்கள்.

* 'ரிமோட் டெஸ்க்டாப்'. பெடல் உங்கள் வீட்டில், ஸாப்ட்வேர் ஆபீஸ் கம்ப்யூட்டரில். உங்கள் மிதி அங்கே எட்டாமல் போகலாம். தனியாக ஏற்பாடு செய்து தரும்படி ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

வயரையும் ஒரு பார்வை பாருங்கள். சக்கர நாற்காலி ஏறி நசுக்கியிருந்தால் எந்த ஸாப்ட்வேரும் காப்பாற்றாது.

தீர்ப்பு

பெடலுக்குப் பணம் கொடுக்கும் முன் 2 கேள்வி கேளுங்கள். என்ன பிளக்? நான் வைத்திருக்கும் ஸாப்ட்வேரின் பட்டியலில் இந்தப் பெடலின் பெயர் இருக்கிறதா?

இரண்டுக்கும் சரியான பதில் வந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி மூலையில் போட்டு வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே எடுத்து, தூசி தட்டி, மேலே சொன்ன வரிசைப்படி விசாரியுங்கள். பல வழக்கில் பெடல் நிரபராதி!