காதுக்கு உரியதைக் கண்ணுக்கு விற்கும் கலை

பாட்டு காதுக்கு உரியது. ஆனால் அதை விற்பவர்கள் முதலில் நாடுவதோ நம் கண்களை! மேலைநாட்டுப் பாப் இசை ஆல்பங்களின் உறைகளையும் விளம்பரங்களையும் சற்றே கூர்ந்து நோக்கினால், பார்ப்பவரை வயப்படுத்த எத்தனை நுட்பங்கள் கையாளப்பட்டன என்பது நமக்குப் புலப்படும்.

1930களில் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் படமற்ற உறைகளிலேயே வந்தன. பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போல ஒரே கட்டாகச் சேர்த்ததால்தான் 'ஆல்பம்' என்ற பெயரே வந்தது. 1939இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர், இந்த அட்டையையே ஒரு சுவரொட்டி போலத் தீட்டினால் என்ன என்று யோசனை கூறினார். செலவுக்கு அஞ்சினாலும் நிறுவனத்தார் இசைந்தனர். படம் போட்ட ஆல்பங்கள் நன்கு விற்கவே, மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

அட்டையிலிருந்து படம் வீதிக்கும் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'சன்செட் ஸ்ட்ரிப்' என்னும் சாலைப் பகுதி உண்டு. 1967இல் எலெக்ட்ரா நிறுவனம், 'தி டோர்ஸ்' என்ற புதிய குழுவின் முதல் ஆல்பத்துக்காக அங்கே பெரிய விளம்பரப் பலகை ஒன்றை நிறுத்தியது. அதன் பின் ஓவியர்கள் கையால் தீட்டிய பலகைகள் பல அங்கே எழுந்தன. காரில் விரைபவர் பலகையைக் காண்பது சில விநாடிகளே. ஆகவே சொற்களைக் குறைத்தனர், முகங்களைப் பெரிதாக்கினர், சில உருவங்களைப் பலகையின் சட்டத்தையும் மீறி வானில் நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டி அமைத்தனர். அந்தச் சாலையில் ரசிகர்கள் மட்டுமல்ல, எந்தப் பாட்டை ஒலிபரப்புவது என்று தீர்மானிக்கும் வானொலி நிலையத்தாரும் போய்வந்தனர். நிறுவனத்தார் கெட்டிக்காரர்கள்தாம்!

1969இல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோட்' ஆல்பத்தைப் பாருங்கள். நால்வர் வெள்ளைக் கோடிட்ட தெருவைக் கடக்கிறார்கள், அவ்வளவுதான். முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. பெயர் எழுதாமல் ஒரு பொருளை விற்பதா என்று நாம் வியக்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பெயரில்லாமலே இனங்கண்டுகொண்ட ரசிகர், தாமும் அந்த நால்வருக்கு நெருங்கியவர் என்று உள்ளூரப் பூரித்துப்போகிறார். அந்தப் பூரிப்பையும் சேர்த்தே அவர் காசு கொடுத்து வாங்குகிறார். படத்தில் வெறுங்காலுடன் நடக்கும் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று அப்போது ஒரு வதந்தி பரவியது. ரசிகர்கள் அட்டையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தனர். சன்செட் ஸ்ட்ரிப் பலகையில் இருந்த அவருடைய தலையை யாரோ அறுத்துக்கொண்டே போய்விட்டார்கள்!

1973இல் பிங்க் ஃபிளாய்ட் குழு வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அட்டையிலும் பெயர் இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம், அதில் புகுந்து நிறங்களாகப் பிரியும் ஒளி. நம் அறிவியல் பாடத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: ஆறு நிறங்களே உள்ளன, கருநீலம் விடுபட்டிருக்கிறது. ஆயினும் வண்ணங்கள் மிகுந்த கடை அலமாரியில் அந்தக் கறுப்பே கண்ணைப் பற்றி இழுக்கும். ஸ்வீடன் நாட்டு 'அப்பா' குழுவோ 1976 முதல் தன் பெயரில் ஓர் எழுத்தை இடவலமாகத் திருப்பிப்போட்டு, எவ்வளவு தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியச் செய்தது.

இவற்றிலெல்லாம் பாட்டு எப்படி இருக்கும் என்று படம் சொல்வதே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அழகிய உறைக்குள் சலிப்பூட்டும் பாட்டும் இருக்கக்கூடும். பெரும்பாலும் இளைஞர்களையும் நம்மைப் போன்ற மாணவியரையும் எண்ணியே இவை தீட்டப்பட்டன. வாங்குமுன் ஒருமுறையாவது பாட்டைக் கேட்டுவிடுவது நம் கைச்செலவுப் பணத்துக்கு நல்லது.

1981இல் அமெரிக்காவில் எம்.டி.வி. தொலைக்காட்சி தொடங்கியபின் பலகைகளுக்கு இருந்த மவுசு குறைந்தது. இன்று 12 அங்குல உறை கைப்பேசித் திரையில் நகத்தளவாகச் சுருங்கிவிட்டது. பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டையில் திரண்டு நிற்கும் முகங்கள் அதில் வெறும் புள்ளிகளாகத் தெரிகின்றன. அந்த முப்பட்டகம் மட்டும் அங்கேயும் பார்த்தவுடனே தெரிகிறது.