செய்யூர்ச் சேயின் செவிக்கு யார் பொறுப்பு?



குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் நம் நாட்டில் முதலில் அழைக்கப்படுபவர் மருத்துவர் அல்லர். பழியைச் சுமக்க ஒரு முற்பிறவி அழைக்கப்படுகிறது! "போன பிறவியில் செய்த பாவம்" என்கிறார் ஒருவர். "நாக்கில் வசம்பு உரைத்துத் தடவு, பேச்சு வரும்" என்கிறார் இன்னொருவர். "இவன் மாமனும் ஐந்து வயதில்தான் வாய் திறந்தான், பொறு" என்கிறார் பாட்டி. பொறுக்கிறாள் தாய். ஓராண்டு போகிறது, ஈராண்டு போகிறது. அந்தப் பொறுமைதான் பிள்ளையின் பேச்சைப் பறிக்கிறது என்று அவளுக்குச் சொன்னவர் யார்?

பாவமுமில்லை, சாபமுமில்லை. கருவுற்ற காலத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா காய்ச்சலாக இருக்கலாம், பிறந்தவுடன் முற்றிய மஞ்சள் காமாலையாக இருக்கலாம், மரபணுவாக இருக்கலாம். சொத்து வெளியே போகாதிருக்க அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டிவைக்கிறோமே, அங்கே கணவனும் மனைவியும் ஒரே குறையைத் தம்மையறியாமல் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. அப்படிச் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. நிலம் தங்கியது, செவி போயிற்று!

செவிக்குள்ளே பட்டாணி அளவில், நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. காக்ளியா என்பது அதன் பெயர். அதனுள்ளே ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள். ஒலியின் அதிர்வை மின்துடிப்பாக்கி நரம்பிடம் ஒப்படைப்பது அவற்றின் தொழில். அவை அடியோடு பழுதுபட்டால், ஒலியைப் பெருக்கும் சாதாரணக் காதுக் கருவியால் பெரும்பயன் இல்லை. வாங்கிப் படிக்க ஆளில்லாத வீட்டுக்குக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதி என்ன ஆகும்?

பழுதான அணுக்களைத் தாண்டி நரம்புக்கே நேரே மின்சாரம் கொடுத்தால் என்ன என்று 1957-இல் பாரிசில் ஜூர்னோ, ஐரியே என்ற இருவர் முயன்றனர். 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் முயன்றார். ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் வந்தார். அவருடைய தந்தை காது மந்தமான மருந்துக் கடைக்காரர். சுருண்ட குழலுக்குள் மின்கம்பியை நசுங்காமல் எப்படி நுழைப்பது? விடை கிடைத்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, கடற்கரையில்! 1977-இல் மணலில் கிடந்த சுருள் சங்கொன்றை எடுத்து, புல்லின் இதழை உள்ளே செலுத்திப் பார்த்தார். நுனி வளைந்தும் அடி விறைத்தும் இருந்த புல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறு ஆண்டே மெல்பர்னில் ஒரு மனிதருக்கு அந்தக் கருவி பொருத்தப்பட்டது. கடப்பாக்கத்துக் கரையில் நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவதும் சங்குதான்.

காதின் பின்னே ஒரு சிறு பெட்டி. அது ஒலியைப் பகுத்துத் தோலுக்கு அடியிலுள்ள கருவிக்கு வானொலி அலையாய் அனுப்புகிறது. அங்கிருந்து நரம்புக்கு மின்துடிப்பு. விலை இலட்சக்கணக்கில்! சென்னையில் இந்தச் சிகிச்சைக்கு முன்னோடியாய் நின்றவர் 2006-இல் பத்மஸ்ரீ பெற்ற டாக்டர் மோகன் காமேஸ்வரன். ஆனால் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற செய்யூர்த் தொழிலாளி அத்தனை பணத்தைக் கனவிலும் கண்டதுண்டா?

ஏழைக்கும் உயர் சிகிச்சை உரிமையே என்று 2009-இல் காப்பீட்டுக் கதவைத் திறந்தவர் கலைஞர். 'மாற்றுத்திறனாளிகள்' என்ற மதிப்பான சொல்லை அரசேட்டில் ஏற்றியவரும் அவரே. 2011-இல் ஆட்சி மாறியது, பின்னர்ப் பெயரும் மாறியது. மாறட்டும், கதவு மூடப்படவில்லையே! ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி அந்தக் காப்பீட்டில் பொருத்தப்பட்டு வருகிறது. டில்லியின் கருணையையும் பாருங்கள்: 2014-இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் உதவித் திட்டம் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 500 குழந்தைகள் என்று வரம்பு கட்டியது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாடு இது. ஆயிரத்தில் ஒன்றுக்குச் செவிக்குறை என்றாலும் இருபதாயிரம்! பாற்கடலைத் தேக்கரண்டியால் அளந்தார்கள்.

ஆயினும் நம் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அறுவை முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணாதீர்கள். ஒலி எது, சொல் எது என்று மூளை பழக வேண்டும்; ஓராண்டு, ஈராண்டு பயிற்சி வேண்டும். மூளை வளைந்து கொடுக்கும் காலமோ முதல் மூன்றாண்டுகள். செய்யூரிலிருந்து மதுராந்தகம், அங்கிருந்து செங்கல்பட்டு, சென்னை என்று பயிற்சிக்காக ஒரு தாய் பேருந்து ஏறினால் அன்றையக் கூலி போயிற்று. வெளிப்பெட்டி பழுதானால், மின்கலம் தீர்ந்தால், கம்பி அறுந்தால்? கேட்கத் தொடங்கிய பிள்ளை மறுபடியும் மௌனத்துக்குத் திரும்புகிறது. கருவி கொடுத்த கையே அதன் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். பயிற்சியாளர் வட்டத் தலைநகருக்கு வர வேண்டும். இது நம் கோரிக்கை. ஆட்சியில் யார் இருந்தாலும் கோரிக்கை.

கருவி கிட்டாமற் போனவர்களும், வேண்டாமென்றவர்களும் உண்டு. கைமொழி அவர்களுக்கு முழு மொழி. அதை ஏளனம் செய்வோன் பகுத்தறிவாளன் அல்லன்.

அரசு மருத்துவமனைகளில் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களின் கருவிகள். இராமேசுவரத்தில் படகோட்டியின் மகனாய்ப் பிறந்த அப்துல் கலாம் தூண்டியதால் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி விஞ்ஞானிகள் விசாகப்பட்டினத்தில் உள்நாட்டுக் கருவி செய்ய முனைந்தனர். அதற்கு வேண்டிய பணமும் வேகமும் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் உரக்கக் கேட்க வேண்டாமா? உலகமோ அடுத்த படிக்குப் போய்விட்டது. ஒட்டோஃபெர்லின் என்ற ஒரே மரபணு பழுதாகிக் கேளாதிருந்த ஆறு குழந்தைகளுக்குச் சாங்காய் மருத்துவர்கள் காதுக்குள் நல்ல மரபணுவையே செலுத்தினர். ஐவருக்குக் கேட்டது என்று 2024 சனவரியில் வெளியிட்டனர்.

அதுவரை செய்யூர் வட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், செவிச் சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். மெல்லிய குழலைக் காதில் வைத்து, உள்ளிருந்து எதிரொலி வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சில நிமிடமே, வலியில்லை. "கை தட்டினேன், திரும்புகிறானே" என்று தாய் சொன்னால் விட்டுவிடாதீர்கள். தட்டிய கையின் அசைவைக் கண்டும் குழந்தை திரும்பும். ஆகவில்லை என்றால், சீட்டு எழுதி வாங்கி, கூலி போகுமே என்று தயங்கும் அந்தத் தாய்க்குப் பேருந்துச் செலவும் கொடுத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே அனுப்புங்கள்.