முதலில் பொடக்காலியைப் பாருங்கள்

கொரோனா காலம், 2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. 26ஆம் தேதி காலையிலிருந்து சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாளும், சேலம், திருப்பூரில் மூன்று நாளும் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்றார்கள். இடையில் இருந்தது 25ஆம் தேதி மட்டும். அன்றைக்குக் கடைவீதிகளில் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. மூன்று நாள் சோற்றுக்கு வேண்டிய அரிசி பல வீடுகளில் இருந்திருக்கும். இருந்தும், பக்கத்து வீட்டுக்காரர் பையோடு கிளம்புவதைப் பார்த்தால் யாருக்கும் கால் நிற்காது. மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்குப் பயந்து, அது பரவத் தோதான இடத்துக்கே போய் நின்றோம்.

அதே மாதம் ரேஷன் கடைகளில் நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் வழங்கினார்கள். நமக்கென்று ஒரு நேரம் இருக்கிறது, பொருளும் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் முண்டியடிப்பதில்லை.

ஒரு நோய் வருகிறது என்றதும் வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்த வழியாக வருகிறது என்பதுதான். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கோவையைப் பிளேக் பலமுறை தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் அதற்குச் சாட்சி. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலிசெய்துவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்குவார்கள். அது சரியான காரியம். எலி செத்ததும் அதன் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சி அடுத்து மனிதரைத்தான் கடிக்கும். ஆனால் 1994இல் சூரத்தில் பரவியது நுரையீரலைப் பிடிக்கும் பிளேக். இருமினாலே அடுத்தவருக்குத் தொற்றும். அங்கிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடியது, நோயை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய காரியம். வீட்டை விட்டு வெளியேறுவது ஒரு நோய்க்கு மருந்து, இன்னொன்றுக்கு ஆபத்து.

காங்கேயத்துக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது மழை குறைந்த மேட்டாங்காட்டுப் பூமி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம், குடம், அண்டா, சிமென்ட் தொட்டி என எல்லாவற்றையும் நிரப்பி வைத்தால்தான் குடும்பம் ஓடும். அந்த முன்யோசனையையே டெங்குக் கொசு பயன்படுத்திக்கொள்கிறது. ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். 2017இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அரசுக் கணக்குப்படி 65 பேர் இறந்தார்கள்.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடந்து, மறுபடி நிரப்பும் நாளில் பொரிக்கும். ஆகவே டிரம்மின் உள்புறத்தைப் பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிறகு நிரப்புங்கள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் கட்டுங்கள். பொடக்காலியில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மழையில் நனையும் டயர், மாட்டுத் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கொப்பரை உடைக்கும் ஊர் இது. மல்லாந்து கிடக்கும் ஒரு தேங்காய்த் தொட்டியில் தேங்கும் கையளவு மழைத்தண்ணீர் போதும். கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்களைத் தயவுசெய்து வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். அந்தக் கொசு நூறு, இருநூறு மீட்டர் பறக்கும். உங்கள் தொட்டியில் பிறந்தது அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும், அதுவும் பகலில்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை ஒரு சின்னப் பைக்குள் அடங்கும்: தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களுக்கு ஒரு மாத மாத்திரை. மருத்துவ உதவிக்கான 104, 108 எண்களைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அப்பத்தா, அப்பாருக்குக் காய்ச்சல் வந்தால் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் வீடுகளில் விட்டுப்போவது இதுதான்.

டெங்குக் காலத்தில் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டும். தட்டணு குறைந்துவிட்டது என்று கேட்டதும் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போகும்வரை பெரும்பாலும் அது தேவைப்படாது. நிலவேம்புக் கசாயம் குடித்தாலும் இந்தக் கவனிப்பை விட்டுவிடக் கூடாது.

எல்லோரும் ஏமாறுவது காய்ச்சல் விடும் நாளில். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும், வீடு நிம்மதியடையும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்துவிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தாலும், நடு ராத்திரியானாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.