பாட்டனுக்கு ஒரு கட்டம், பாட்டிக்கு இல்லை

தரம் ஒன்று விண்ணப்பம் முடியும் நாள் நெருங்குகிறது. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கலக்கம்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் கட்டத்தில் கோடு இழுத்திருக்கிறார்கள், பிரஜாவுரிமைக்குப் பாதகமா?

பெற்றோரில் ஒருவர் பிரஜை என்றால் பயம் வேண்டாம். ஆனால் அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அதில் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் பூட்டனின் விவரம். பாட்டிக்கு இடமே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் 'வம்சாவழி' என்று சொன்னது இந்த ஆண்வழியைத்தான். சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்தவருக்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தால் தகப்பன் மட்டும் போதாது, தகப்பனைப் பெற்றவரும் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் திருச்சிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய், மூன்று மாதக் கைக்குழந்தையோடு நமுனுகுல லயத்துக்குத் திரும்பிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். புருஷன் அதே லயத்தில் பிறந்தவன். மாமனார் கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அவ்வளவுதான், அந்தச் சட்டப்படி குழந்தைக்கு உரிமை இல்லை. அவள் இங்கேயே பிறந்து கொழுந்து பறித்தவளாக இருந்தாலும் கணக்கில் சேராது. நாளை அந்தக் குழந்தையின் பிள்ளைக்கும் அதே முடிச்சு.

சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்று அன்று வாதிட்டார்கள். பெயர் எதற்கு? பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்துப் பாட்டனுக்குச் சான்று கேட்டால் தோட்டத்து ஆட்கள்தானே வெளியே நிற்பார்கள்! 1947இல் பதுளையிலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். 1952இல் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

மற்றக் கேள்விகள்:

தாய்வழியில் பிரஜாவுரிமை கிடைக்குமா? கிடைக்கும், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால். அதற்கு 55 வருஷம் பிடித்தது.

தேசவழமை நமக்குண்டா? இல்லை, அது யாழ்ப்பாணத்தாருக்கு.

மகளுக்குச் சொத்தில் பங்கு? உயில் இல்லாவிட்டால் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மீதி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக.

அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரத்தில் மகளுக்கு? 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மகனுக்குத் தந்த முன்னுரிமை 2022இல்தான் நீங்கியது.

லயக் காம்பராவை மகன் பெயருக்கு எழுதலாமா? முடியாது. அது தோட்டத்துடையது, உங்களுடையதல்ல.