பகைவனைத் தேடிய கண்ணாடி

வெள்ளாயணி ஏரிக்கரையில், முக்காலிமேல் நிறுத்திய சிறு தூரதரிசினியில் கண் வைத்தேன். 200 மீட்டருக்கப்பால் நின்ற கொக்கு, 20 மடங்கு உருப்பெருக்கத்தால் 10 மீட்டரில் நிற்பதாய்த் தோன்றிற்று. அது அஞ்சிப் பறக்கவில்லை.

இக்கருவி முதலில் தேடியது பகைவனை. 1608இல் ஹாலந்தில் லிப்பர்ஷே இதற்கு உரிமை கோரியபோது, ஸ்பெயினோடு போரிட்ட மோரிஸ் இளவரசரின் மாளிகைக் கோபுரத்திலேயே சோதித்தனர்.

பின்னர் வந்த இரு குவிவில்லைக் குழலில் பிம்பம் தலைகீழாகும். விண்மீனுக்கு அது குறையன்று. 1837இல் சுவாதித் திருநாள் நிறுவிய நம் நகர வானாய்வு நிலையத்துக்கு அது போதும். படைவீரனுக்குப் போதாது. நிமிர்த்த வில்லைகள் சேர்த்தால் குழல் நீளும். 1854இல் போரோ முப்பட்டகங்களால் நிமிர்த்திக் குழலைக் குறுக்கினார்.

ஒளியியல் பயிலும் என்முன் படைக்கருவி, பறவைக்கருவி என இரு வாயில்கள் உள்ளன. எதில் நுழைந்தாலும் அஞ்சாத அக்கொக்கை மறவேன்.