நெல்மணிக் கணக்கும் மறைமொழிக் காவலும்

தஞ்சைத் தரணியின் களங்களில் நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்றே எண்ணத் தொடங்குவர். குவியல் பெரிதாயின் அளக்கும் நேரமும் நீளும். எண் பெருகினும் நேரம் பெருகாதிருக்க வழியுண்டோ? நெல்மணி கொண்டே விடை காண்போம்.

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களையும் நிரப்பக் கேட்ட கதையை நாம் அறிவோம். மொத்தம் காண இரண்டின் 64ஆம் அடுக்கைக் கணித்து ஒன்றைக் கழித்தல் வேண்டும். ஒவ்வோர் இரண்டாகப் பெருக்கின் 63 பெருக்கல்கள் தேவை. கி.பி. 952இல் டமாஸ்கஸில் இந்திய எண்முறை பற்றி அரபு மொழியில் நூல் யாத்த அல்-உக்லீதிசி இதற்குச் சுருக்கவழி காட்டினார். 2, 4, 16, 256, 65,536 என ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிச் சென்றால் ஆறே பெருக்கல்களில் விடை கிட்டும். நம் நாட்டுப் பிங்கலரின் யாப்பு நூலிலும் இம்முறையின் வித்து உண்டு.

வங்கிக் கணக்குகளையும் கடிதங்களையும் காக்கும் மறைமொழி நிரல்களின் அடித்தளத்தில் இன்று இயங்குவதும் இவ்வழியே. 1977இல் தோன்றிய ஆர்.எஸ்.ஏ. முறையில் 2048 இருமஎண் இலக்கத் திறவுகோல், பதின்ம முறையில் 617 இலக்கம் உடையது. அத்துணைப் பெரிய அடுக்கை ஒவ்வொன்றாய்ப் பெருக்கிக் காண எக்கணிப்பொறிக்கும் இயலாது. சுருக்கவழியிலோ சில ஆயிரம் பெருக்கல்களே போதும்.

ஆயின் விரைவிலும் ஓர் இடர் உண்டு. அடுக்கினை இரும எண்ணாக எழுதினால், 0 வருமிடத்தில் வர்க்கம் மட்டும். 1 வருமிடத்தில் கூடுதலாக ஒரு பெருக்கல். எனவே செலவாகும் நேரமே இரகசியத்தைச் சொல்லிவிடும் என 1996இல் பால் கோச்சர் எடுத்துக்காட்டினார். 2003இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரூம்லி, போனே ஆகியோர், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரல்தொகுப்பில் பெருக்கலை விரைவாக்கச் செய்திருந்த சுருக்கங்களின் நேர வேறுபாட்டை வலையமைப்பின் வழியே அளந்து, திறவுகோலையே மீட்டனர்.

அதன்பின் இருவகைக் காப்புகள் வலுப்பெற்றன. ஒன்று, கணிக்கும் எண்ணோடு பிறர் அறியவொண்ணா எண்ணொன்றை முன்னரே கலந்துவிடுதல். மற்றொன்று, 0 ஆயினும் 1 ஆயினும் ஒரே அளவு நேரம் எடுக்குமாறு நிரலை எழுதுதல். இரண்டாவதனால் வேகம் சற்றுக் குறையும், இரகசியம் நிலைக்கும்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். நிரல் எழுதப் புகும் நம் மாணவர், எத்துணை விரைவு என்று அளப்பதோடு நில்லாது, அவ்விரைவு எதைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் அளப்பாராக.